விளக்குவால் திருக்கை கிடைத்த வெள்ளிக்கிழமை

பயப்படுவதற்கு எனக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். குக்கர் வழக்கத்தைவிட ஒரு விசில் தாமதமாக அடித்தால் போதும், வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டுகூடத் தேவையில்லை, பட்டப்பகலிலேயே தெரியும். அதனால் என் மகள் ஒரு வீடியோ கேமை நினைத்து நகம் கடிக்க ஆரம்பித்தபோது, இது அசல் என் பிள்ளைதான் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தொண்டியில் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் வளைகுடாவில்தான் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரரும் அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். கடைசியாக லீவில் வந்தபோது கையில் பிடித்து விளையாடுகிற கேம் செட் இரண்டு வாங்கி வந்தார். ஒன்று மகளுக்கு, ஒன்று அவருக்கு. பிள்ளைக்கு வாங்கினால் சரி, மீசை நரைக்கிற வயதில் உங்களுக்கு எதற்கு என்று கேட்டேன். போனில் பேசினால் பிள்ளை ‘ம்’ என்கிறாள், ‘சரி’ என்கிறாள், அதோடு போனை என்னிடம் கொடுத்துவிடுகிறாள், சேர்ந்து விளையாடினால் கொஞ்ச நேரமாவது கூட இருப்பாளே என்றார். 

விசித்திரமான பிராணிகளைப் பிடித்துச் சேர்க்கிற விளையாட்டு அது. அதில் குகைகள் உண்டு. ஒவ்வொரு குகைக்குள்ளும் வீட்டைவிடப் பெரிய ஒரு பிராணி உட்கார்ந்திருக்கும். தனியாளாகப் போய் அதை ஒன்றும் செய்ய முடியாது, நாலு பேராகச் சேர்ந்து அடிக்க வேண்டும். அப்பனும் மகளும் இரண்டு பேர். மீதி இரண்டு இடத்துக்குக் கேமே ஆள் போட்டுவிடும். வெள்ளிக்கிழமை அங்கே ஜும்ஆ தொழுகை முடிந்து அவர் அறைக்கு வந்து சாப்பிட்டு எழும்போது இங்கே அஸர் தொழுகைக்கான சாயங்கால நேரம் ஆகியிருக்கும். என் போன் கேம் செட்டுக்கு நெட் கொடுக்கும். பழைய போனில் அவர் வீடியோ காலில் இருப்பார். வலப்பக்கம் அடி, இப்ப மருந்து கொடு, கேடயத்தை உடை என்று இரண்டு பேரும் கத்துகிற கத்தலில் கோழி கூட்டுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்த நேரம் மட்டும் எனக்கு எந்தப் பயமும் வராது. வீட்டில் மூன்று பேர் இருக்கிற மாதிரி இருக்கும்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின மாதங்களில் ஒரு புதுப் பிராணி வந்தது. திருக்கை மீன் மாதிரித் தட்டை உடம்பு, நீல நிறம், வால் நுனியில் சின்ன விளக்கு. அதற்கு ஏதோ வாயில் நுழையாத பெயர். நான் திருக்கை என்றே சொல்வேன். கொஞ்ச வாரங்களுக்குத்தான் குகைகளில் இருக்கும், அப்புறம் போய்விடும் என்று சொன்னாள் மகள். வாராவாரம் இரண்டு பேரும் அதைத்தான் தேடிப் போனார்கள். வாராவாரம் அவர் அங்கிருந்து, “கெடச்சிருச்சு, எனக்குக் கெடச்சிருச்சு. உனக்கு?” என்பார். இவளும், “கெடச்சிருச்சுத்தா” என்பாள். எங்கள் பக்கம் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்.

நானும் நம்பினேன். நம்பியதற்குக் காரணம் இருக்கிறது. என் அண்ணன் வல்லம் வைத்திருக்கிறான். கடலுக்குப் போய் வந்தால் கரையில் பங்கு போடுவார்கள். வல்லத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆளுக்கு ஆள். அன்றைக்கு ஒருத்தன் வாந்தி எடுத்துக்கொண்டு மூலையில் சுருண்டு கிடந்திருந்தால்கூட அவனுக்கும் பங்கு உண்டு, வீட்டுக்குக் கொண்டுபோகக் கறிக்கு மீனும் உண்டு. கூடப் போனவனுக்கு இல்லை என்று சொல்கிற வழக்கமே எங்கள் பக்கம் கிடையாது. ஆகவே நாலு பேர் சேர்ந்து ஒரு திருக்கையைச் சாய்த்தால், பிடிபட்டது எல்லோருக்கும்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அத்தாவுக்குக் கிடைத்தால் உனக்கும்தானே, அப்புறம் என்ன மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாய் என்று அவளைத் திட்டவும் செய்தேன். அவள் நகத்தைக் கடித்தாள்.

இதற்கு நடுவில் இன்னொரு ‘கெடச்சிருச்சு’ம் வந்தது. பெருநாளுக்கு வருவதற்கு லீவு கேட்டிருந்தார் அவர். கிடைத்துவிட்டது என்று ஒருநாள் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாசல் கதவுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள்கூடச் சொல்லிவிட்டேன். ஆனால் அன்று சாயங்காலமே சந்தேகம் எட்டிப் பார்த்தது. லீவு கிடைத்தால் முதல் வேலையாக டிக்கெட்டைப் போட்டோ எடுத்து அனுப்புகிற மனுஷன் அவர். இந்தத் தடவை அனுப்பவில்லை. கேட்டால் அனுப்புகிறேன் என்றார். மறுபடி கேட்டால் இன்ஷா அல்லாஹ் என்றார். அவர் இன்ஷா அல்லாஹ் சொல்வதில் இரண்டு விதம் இருக்கிறது, இது இரண்டாவது, மழுப்புகிற விதம். போன பெருநாளைக்கும் இப்படித்தான் கிடைத்துவிட்டது என்று சொல்லி, கடைசி வாரத்தில் இல்லையென்றார். அதைப் பற்றி நினைக்கவே கூடாது என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

திருக்கை விஷயம் வெளியே வந்தது சார்ஜரால். கேம் செட்டைச் சார்ஜில் போட எடுத்தேன். பிடித்த பிராணிகளின் படங்கள் வரிசையாக இருக்கிற பக்கம் திறந்து கிடந்தது. பிடிக்காதவை வெறும் கறுப்பு நிழலாகத் தெரியும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கறுப்புக்கு நடுவில் தட்டையாக ஒரு நிழல், நீண்ட வால். எனக்குப் புரியவில்லை. வாராவாரம் கிடைத்ததெல்லாம் எங்கே போனது என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

முதலில் மழுப்பினாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். ஒரு தடவைகூடக் கிடைத்ததில்லையாம். அத்தா பாவம், அங்கே தனியாக இருக்கிறார், கிடைக்கவில்லை என்று சொன்னால் அவர் சந்தோஷமும் போய்விடும் என்று பொய் சொன்னாளாம். அது போகட்டும், அத்தாவிடம் ஒன்றுக்கு நாலு இருக்கிறதே, ஒன்றை உனக்கு அனுப்பிவைக்க மாட்டாரா என்றேன். அப்போதுதான் அழ ஆரம்பித்தாள்.

“நானாப் பிடிக்கணும்மா. மனசுல வேண்டி நிய்யத்து வச்சிருக்கேன். திருக்கை என் கையில கெடச்சா அத்தா பெருநாளைக்கு வருவாங்க.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. துஆ கேட்கப் பள்ளி இல்லையா, தொழுகைப் பாய் இல்லையா, பொம்மைப் பெட்டியிலா நிய்யத்து வைப்பது என்று கத்தினேன். அதான் அத்தாவுக்கு லீவு கிடைத்துவிட்டதே என்றும் சொன்னேன். போன தடவையும் கிடைத்தது என்றுதான் சொன்னார்கள் என்றாள் அவள்.  கத்திவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றபோது வெட்கமாக இருந்தது. பால் பொங்கி வழியாமல் இறக்கிவிட்டால் இன்றைக்கு டிக்கெட் வரும் என்று அன்று காலையில்தான் நானும் அடுப்பு முன்னால் நின்றிருந்தேன். நெனப்புத்தான் பொழப்பைக் கெடுக்கும் என்று ஊருக்குச் சொல்கிற வாய் இது.

திருக்கைக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கும் கிடைக்காவிட்டால் இந்தப் பிள்ளை பெருநாள் வரைக்கும் எப்படிச் சாப்பிடும், எப்படித் தூங்கும் என்று எனக்குக் கவலை வந்தது. சரி, இந்த எழவு எப்படித்தான் வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். மீன் அலசும்போதும் காதில் இயர்போன். தமிழில் ஒரு பையன் வீடியோ போட்டு விளக்கியிருந்தான். மூச்சு விடாமல் பேசினான், நானும் மூச்சு விடாமல் கேட்டேன்.

அவன் சொன்னது இதுதான். பிராணியைச் சாய்ப்பதுதான் சேர்ந்து செய்கிற வேலை. பிடிப்பது அவரவர் தனி. பிராணி சாய்ந்ததும் ஒவ்வொருவர் திரையிலும் தனித்தனியாக அது நிற்கும். ஆளுக்கு ஒரே ஒரு பந்து எறியலாம், அதற்குள் அது அடங்கினால் அவருக்குக் கிடைத்தது, உடைத்துக்கொண்டு ஓடினால் இல்லை. ஒருவருக்குக் கிடைப்பதால் இன்னொருவருக்குக் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அடியில் யார் அதிகம் உழைத்தார் என்ற கணக்கும் இல்லை. பங்கு என்ற பேச்சுக்கே இடமில்லை. கறிக்குக்கூட ஒரு மீன் கிடையாது. என்ன ஊர் நியாயம் இது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவு என்று ஒரு பாடம் இருந்தது. பையில் சிவப்புப் பந்தும் நீலப் பந்தும் போட்டுக் குலுக்குவார்கள். எதற்குக் குலுக்குகிறார்கள் என்று கடைசி வரை எனக்கு விளங்கவில்லை. இப்போது விளங்க வேண்டிய கட்டாயம். ஹார்லிக்ஸ் காலியான டப்பா ஒன்றில் புளியங்கொட்டை போட்டேன். ஒன்றை மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்கினேன். வெள்ளை வந்தால் திருக்கை, கறுப்பு வந்தால் ஓடிப்போனது. மகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொன்னேன். கறுப்பு. எடுத்ததை வெளியே வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கக் கையை விட்டாள். நான் தடுத்து, எடுத்ததைத் திரும்ப உள்ளே போடு என்றேன்.

“வெளிய வச்சாத்தானம்மா கறுப்புத் தீரும், வெள்ளை வரும்.”

நானும் அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். இத்தனை வாரம் கிடைக்கவில்லை, இனிமேல் எப்படியும் கிடைக்க வேண்டும் என்றுதான் மனசு கணக்குப் போடும். ஆனால் அந்தப் பையன் சொன்னபடி, ஒவ்வொரு தடவையும் எல்லாக் கொட்டையும் டப்பாவுக்குள் திரும்பிவிடுகிறது. போன வாரம் நீ அழுதாயே, இந்த வாரம் ஒரு வெள்ளை தருவோம் என்று அது பார்க்காது. டப்பாவுக்கு ஞாபகம் கிடையாது என்று சொன்னேன். அவள் முகம் வாடியது. வாட்டத்தைப் பார்க்க முடியாமல், போன வாரம் கிடைக்கவில்லை என்பதற்காக இந்த வாரம் வாய்ப்புக் குறையவும் செய்யாது என்று சேர்த்துச் சொன்னேன். எடுத்த கொட்டையைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டாள்.

வீடியோவின் கடைசியில்தான் முக்கியமான சேதி இருந்தது. குகையைத் திறக்கிறவர் ஒருவர், அவர் ஹோஸ்ட். மற்றவர்கள் உள்ளே சேர்ந்துகொள்கிறவர்கள். இந்தத் திருக்கை விஷயத்தில் ஹோஸ்ட் எறிகிற பந்து தப்பவே தப்பாதாம். அவர் டப்பாவில் கறுப்புக் கொட்டையே இல்லை. சேர்ந்துகொள்கிறவர்களுக்குத்தான் கறுப்பு நிறைய, வெள்ளை கொஞ்சம். கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வல்லத்துக்குத் தனிப் பங்கு என்பது இங்கேயும் இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஹோஸ்ட் எப்போதும் அவர்தான். அங்கே நெட் நன்றாக இருக்கிறது, பிள்ளைக்குச் சிரமம் வேண்டாம் என்று அவரே முன்கூட்டித் தேடி, திருக்கை இருக்கிற குகையைத் திறந்துவைத்து, வா தங்கம் என்று கூப்பிடுவார். அந்தப் பாசம்தான் வாராவாரம் அவளுக்கு வழியை அடைத்துக்கொண்டு நின்றது. மனுஷனுக்கு அது தெரியாது. தெரிந்தால் உடைந்துபோவார்.

ஆகவே கடைசி வெள்ளிக்கிழமை நான் ஒரு சின்னத் தந்திரம் செய்தேன். பிள்ளை குகை திறக்கப் பழக வேண்டும், இன்றைக்கு அவள் ஹோஸ்ட் என்று அவரிடம் சொன்னேன். அதற்கென்ன என்றார். ஹோஸ்ட் பந்து தப்பாது என்பதை மகளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். வீட்டில் நெட் சுணங்கும் என்று பயந்து, இரண்டு போனையும் கேம் செட்டையும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்தோம். அங்கே படகு கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் சிக்னல் கோடு முழுசாக நிற்கும். கருவாடு காயப்போட்டிருந்த வலை ஓரமாக ஒரு திட்டில் உட்கார்ந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. என் துப்பட்டாவைப் பிடித்து அவள் தலைக்கு நிழல் கொடுத்தேன்.

சண்டை ஆரம்பித்தது. அவர் அந்தப் பக்கம் உற்சாகமாகக் கத்தினார். இவள் சத்தமே இல்லாமல் விளையாடினாள், உதடு மட்டும் எதையோ ஓதிக்கொண்டிருந்தது. சிக்னல் ஒரு கோடு இறங்கும்போதெல்லாம் என் உயிரும் கூடவே இறங்கியது. ஒருவழியாகத் திருக்கை சாய்ந்தது. திரையில் பந்து வந்தது. அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தப்பாதுல்லம்மா என்று கண்ணாலேயே கேட்டாள். தப்பாது, எறி என்றேன்.

சொல்லி வாயை மூடவில்லை, அப்போதுதான் எனக்கு உறைத்தது. திருக்கை நிச்சயம். நான்தான் நிச்சயமாக்கினேன். அப்படியானால் இவள் நிய்யத்தின்படி அத்தா வருவதும் நிச்சயம். டிக்கெட் போட்டோ வராத ஒரு வருகையை நான் என் கையாலேயே என் பிள்ளைக்கு நிச்சயமாக்கிக் கொடுத்துவிட்டேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது என்பார்களே, அதுதான். செட்டைப் பிடுங்கி நிறுத்திவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அதற்குள் அவள் எறிந்துவிட்டாள்.

பந்து ஆடியது, நின்றது. வாலில் விளக்கோடு திருக்கை அவள் திரையில் சுற்றி வந்தது. அவள் கத்தவில்லை, குதிக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் பழைய போனைப் பார்த்துத் திரும்பினாள்.

“எனக்குக் கெடச்சிருச்சுத்தா. உங்களுக்கு?”

அவர் கொஞ்சம் தாமதித்தார். நெட் தாமதம் இல்லை, படம் தெளிவாகத்தான் இருந்தது.

“எனக்கும் கெடச்சிருச்சுமா,” என்றார்.

 அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். லீவு கிடைத்துவிட்டது என்று சொன்ன அன்றைக்குக் கேட்டதும் இதே குரல்தான், அதே இழுவை, கடைசியில் அதே சின்னச் சிரிப்பு. நான் எதுவும் பேசக்கூடாது, பிள்ளை முன்னால் எதுவும் பேசக்கூடாது என்று பல்லைக் கடித்தேன். ஆனால் அந்தக் குரலை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வாராவாரம் அதே குரலில் பேசினவள் அல்லவா அவள்.

“அத்தா, உங்க செட்டத் திருப்பிக் காட்டுங்க,” என்றாள்.

எதற்கு என்று சிரித்தார். காட்டுங்கள் என்றாள் மறுபடியும். மெதுவாகத் திருப்பினார். திரையில் பந்தும் இல்லை, திருக்கையும் இல்லை. தப்பி ஓடிவிட்டது என்ற எழுத்து மட்டும் நின்றது. பிள்ளை சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று பார்த்தேன் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் அதைக் கேட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை.

“அப்ப லீவு?”

கடலில் ஒரு வல்லம் கரைக்கு வந்துகொண்டிருந்தது, அதன் என்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் முகத்தைத் துடைத்தார். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னார்.

“கெடைக்கலமா. கேட்டேன். இப்ப ஆள் இல்ல, போக முடியாதுன்னுட்டாங்க. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

எனக்குக் கோபம் வர வேண்டும். வந்தது. கதவுக்குப் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேனே, பாவி மனுஷா என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு நிம்மதி. இத்தனை நாள் வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை விலகிக்கொண்டது. அது விலகிய இடத்தில் வலிதான் இருந்தது, ஆனாலும் வலி என்று தெரிந்த வலி. நான் மகளைப் பார்த்தேன். இப்போது அழுவாள், கேம் செட்டைத் தூக்கிக் கடலில் வீசினாலும் ஆச்சரியமில்லை என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் கண் நிறைந்திருந்தது. மூக்கை என் துப்பட்டாவிலேயே துடைத்தாள். திருக்கையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்துப் பேசினாள்.

“பரவால்லத்தா. திரும்பக் கேளுங்க. போன தடவ கெடைக்கலன்னு இந்தத் தடவ கொறையாது. டப்பாவுக்கு ஞாபகம் இருக்காது.”

எந்த டப்பா என்று அவர் கேட்டார். நான் அப்புறம் சொல்கிறேன் என்றேன். மேனேஜர் டப்பா இல்லையே, கேட்டவன் முகம் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்குமே என்று எனக்கு உள்ளே ஓடியது.  நாளைக்கே இன்னொரு தடவை கேட்கிறேன் என்றார் அவர். இன்ஷா அல்லாஹ் என்றும் சொன்னார், எந்த விதம் என்று நான் ஆராயவில்லை.

போனை வைத்துவிடுவோமா என்று நான் கேட்டதற்கு, இருங்கம்மா, அத்தாவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றாள். இந்தத் தடவை நீங்கள் குகையைத் திறங்கள், நான் சேர்ந்துகொள்கிறேன் என்று அவரிடம் சொன்னாள். தப்பாத இடத்தை அவருக்கு விட்டுக்கொடுக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. மறுபடி சண்டை நடந்தது. இந்தத் தடவை அவளும் கத்தினாள். கருவாட்டுக்கு வந்த காக்கைகள் தூரப் போயின. திருக்கை சாய்ந்ததும் இரண்டு பேரும் பந்தை எறிந்தார்கள். அவருக்குக் கிடைத்தது. திரையை அவராகவே திருப்பிக் காட்டினார்.

“உனக்கு?” என்று கேட்டார்.

“கெடைக்கலத்தா,” என்றாள் அவள்.